கைராசியும் கைச்சுத்தமும்

தமிழ் மக்கள் ஒரு வைத்தியரைப் புகழ வேண்டுமானால், அவர் படித்த படிப்பைச் சொல்வதில்லை. பெற்ற பட்டத்தையும் சொல்வதில்லை. "அவருக்குக் கைராசி உண்டு" என்று கூறி முடித்துவிடுவார்கள். அவர் தொட்ட நோயாளி பிழைப்பான். அவர் கொடுத்தால் வெறுந்தண்ணீரும் மருந்தாகும் என்பது அதன் கருத்து. பிரசவத்துக்கு அழைக்கப்படும் மருத்துவச்சிக்கும் கைராசி பார்ப்பதுண்டு. ஒருத்தி கை வைத்தால் தாயும் சேயும் நலம். மற்றொருத்தி கை வைத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல். இதற்குக் காரணம் யாதெனக் கேட்டால் கிரகபலன் என்பர்; தலையெழுத்து என்பர்; முன்ஜன்மவினை என்பர். அந்தக் கையைத் திருப்பி, அதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவர் மிகச் சிலரே.

கைராசி என்று ஒன்று உண்டு என்று நாமும் கூறுவோம். பகுத்தறிவு படைத்த நேயர்கள் இதற்காக நம்மீது சினங்கொள்ள வேண்டா. அந்த ராசி ஜாதகக் கட்டத்தில் இல்லை, நகக்கண்ணில் இருக்கிறது. அதை மாற்றுவதற்குப் பரிகாரமும் வேண்டியதில்லை. தண்ணீரும் சோப்பும் போதும். இவ்வளவு எளிய உண்மையை உலகம் அறிவதற்கு எத்தனை உயிர்களைப் பலி கொடுத்தது, அறிந்த பின்னரும் ஏன் கடைப்பிடிக்கத் தயங்குகிறது என்பதையே இங்குச் சுருங்கக் கூற முன்வந்தோம்.

கிள்ளான் கற்பித்த பாடம்

நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம், 1972 வரை போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்னும் பெயரோடு இருந்தது. 1901 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. சதுப்பும் அலையாத்திக் காடும் சூழ்ந்த அந்த இடத்தில், கப்பல் வந்து சேருமுன் காய்ச்சல் வந்து சேர்ந்தது. துறைமுகத்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்திருந்தவர் மால்கம் வாட்ஸன் என்னும் இளைஞர். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான அடையாளத்தை ரொனால்ட் ராஸ் என்பவர் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டிருந்தார். அந்தச் செய்தியை நம்பி, வாட்ஸன் காட்டை வெட்டச் செய்தார்; வடிகால் தோண்டச் செய்தார்; துறைமுகத்தில் கடல்நீர் உட்புகாதபடி வரப்புக் கட்டச் செய்தார்.

பயன் என்ன? கிள்ளானிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். மாண்டவர் தொகை இவ்வாறு சரிந்தபோது அவ்வூர் மக்களின் ஜாதகங்கள் மாறிவிடவில்லை. கோயில்களில் பூசையும் புதிதாய்க் கூடிவிடவில்லை. தேங்கிய நீர் வடிந்தது. விதி என்று நம்பப்பட்டதும் அதனோடு வடிந்தது. எண்ணிப் பார்த்தால் எந்த விதிக்கும் காரணம் தென்படும் என்பதே கிள்ளான் கற்பித்த பாடம்.

எனினும் வடிகாலுக்கும் கைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வடிகாலை ஒருமுறை தோண்டிப் பழுதுபாராமல் விடாதிருந்தால் அது பல ஆண்டு பயன் தரும். கையோ அப்படியன்று. காலையில் கழுவிய கை, அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் மீண்டும் அழுக்காகிவிடுகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் மனமறிந்து செய்ய வேண்டிய செயல் இது. ஆகையாலேதான், கொசுவை வென்ற மனிதன் தன் கையை வெல்ல இன்னும் போராடிக்கொண்டிருக்கிறான்.

வியன்னாவில் நடந்தது

ஆஸ்திரியத் தலைநகரமாகிய வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதல் விடுதியில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் விடுதியில் மருத்துவச்சி வேலை பயிலும் பெண்கள் பார்த்தார்கள். 1846-இல் படித்த டாக்டர்களின் விடுதியில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் மாண்டனர். மருத்துவச்சிகளின் விடுதியில் நூற்றுக்கு 3 பேர்கூட மாளவில்லை. ஊர்ப் பெண்களுக்கு இது தெரியாத இரகசியமன்று. முதல் விடுதியில் சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டு மன்றாடினார்கள். அங்குப் போவதைவிடத் தெருவில் பெற்றெடுப்பது மேல் என்று எண்ணியவர்களும் உண்டு.

அவ்விடுதியில் உதவி டாக்டராக இருந்த இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் ஹங்கேரியர், இதன் காரணத்தை ஓயாது தேடினார். நெருக்கடியா என்று பார்த்தார். இரண்டாம் விடுதியிலேதான் நெருக்கடி அதிகம். காற்றா என்று பார்த்தார். இரண்டும் ஒரே கட்டடத்தொகுதியில்தான் இருந்தன. 1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பர் கொல்லெட்ஷ்கா என்னும் ஆசிரியர், பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி விரலில் பட்டு நோயுற்று இறந்தார். அவர் உடலில் கண்ட குறிகளும், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் கண்ட குறிகளும் ஒன்றாயிருந்தன. அப்பொழுதுதான் ஸெம்மல்வைஸுக்கு உண்மை புலப்பட்டது. டாக்டர்களும் மாணவர்களும் பிணவறையில் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையில்லை. மரணத்தைச் சுமந்து வந்தது டாக்டரின் கையே!

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடலாகாது என்று அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆகவும் ஜூலையில் 1 ஆகவும் இறங்கியது. புதிய மருந்து இல்லை. புதிய கருவி இல்லை. ஒரு தொட்டி நீரும் ஒரு கட்டளையுமே இருந்தன.

இத்தகைய பேருதவிக்கு உலகம் அவருக்கு அளித்த பரிசைக் கேளுங்கள். பெரிய வைத்தியர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். வியன்னாவில் அவருக்குப் பதவி நீடிக்கவில்லை. 1850-இல் பெஸ்ட் நகரத்துக்குத் திரும்பினார். 1865 ஆகஸ்டு 13-ஆம் நாள், பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றில், தமது 47-ஆம் வயதில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய நாளிலேதான் கிளாஸ்கோவில் ஜோஸப் லிஸ்டர் என்னும் சத்திர வைத்தியர், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காக்கும் தமது முறையைத் தொடங்கியிருந்தார். 1879-இல் பிரான்சு தேசத்துப் பாஸ்டர், பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியைப் பாரிஸ் வைத்தியக் கழகத்தார்முன் படமாக வரைந்தே காட்டினார். ஸெம்மல்வைஸ் கண்ணால் காணாமல் எண்ணிக்கையால் மட்டும் கண்டது மெய்யென்று நிலைபெற்றது; அதைக் கேட்க அவர் இல்லை.

கையின் செருக்கு

படித்தவர்கள் ஏன் இவ்வுண்மையை எதிர்த்தார்கள்? இதை ஆராய்வது நமக்கு மிகவும் இன்றியமையாதது. அமெரிக்காவில் 1843-இலேயே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் டாக்டர், பிரசவக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டு செல்பவர் வைத்தியரே என்று எழுதினார். அதற்குப் பிலடெல்பியாவில் பிரசவ வைத்தியம் போதித்த சார்ல்ஸ் மெய்க்ஸ் என்பவர் கடும் மறுப்புக் கூறினார். டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை, ஆகவே குற்றம் அவர்கள் கையில் இருக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தைப் படிக்கும் தமிழனுக்கு இது எங்கோ கேட்ட குரலாகத் தோன்றவில்லையா? இன்னார் பிறப்பால் சுத்தம், இன்னார் பிறப்பால் அசுத்தம் என்னும் நமது ஜாதிக் கோட்பாட்டுக்கு இது உடன்பிறப்பன்றோ? சுத்தம் என்பது கையில் இருக்கும் பொருளைப் பொறுத்ததன்று, கைக்குரியவனின் குலத்தைப் பொறுத்தது என்று கருதுவதில் பிலடெல்பியாக் கனவானுக்கும் நம் ஊர் மடிசஞ்சிக்கும் என்ன வேற்றுமை?

நாம் கை கழுவாத சமூகமல்ல. உண்ணுமுன் கழுவுகிறோம், உண்டபின் கழுவுகிறோம், சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைமுழுகுகிறோம். ஆயினும் நமது சுத்தம் பெரும்பாலும் தீட்டுக் கழிக்கும் சுத்தம். நோய் கழிக்கும் சுத்தமன்று. இதனால் விளைந்த கேட்டைப் பிரசவ அறையிலே காணலாம். தமிழ்நாட்டுப் பல ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் குலப் பெண்களே. பிள்ளை பிறக்கும் வரையில் அவர்களுடைய கை வேண்டும். பிறந்த பின்னர் அந்தக் கையே தீட்டு. பிரசவமே தீட்டென்று கருதியதால், பெற்றெடுப்பவளுக்கு வீட்டின் இருண்ட மூலையை ஒதுக்கினார்கள்; எறியப் போகும் கந்தல் தானே என்று பழந்துணியை விரித்தார்கள்; கையில் அகப்பட்ட இரும்பால் கொடியை அறுத்தார்கள். சுத்தத்தின் பெயராலே அசுத்தத்தை வளர்த்த விந்தை இது! குழந்தை தாடை இறுகி ஏழாம் நாள் மாண்டால் அதற்கும் ஒரு தெய்வத்தின் கோபத்தைக் காரணமாகக் காட்டினார்கள். அது கொடியறுத்த கருவியாலும் கையாலும் வந்த ஜன்னி என்பதை வைத்திய நூல் இன்று விளக்குகிறது.

சீர்திருத்தம் மெல்ல மெல்ல வந்தது. சென்னை எழும்பூரில் 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி தோன்றியது. 1903-இல், நாட்டு மருத்துவச்சிகளைப் பழக்குவதற்கென்று கர்ஸன் சீமாட்டியின் முயற்சியால் விக்டோரியா ஞாபகார்த்த நிதி ஏற்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் தொண்டை அறியாதார் இலர். திண்டிவனத்தில் அவர் இளம்பெண்ணாயிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி தேடி வந்தார்கள்; அம்மூவரும் ஆண் வைத்தியரை அழைத்துச் செல்ல மறுத்தார்கள்; மூன்று தாய்மாரும் மாண்டார்கள். அவ்விரவே தம்மை டாக்டராக்கியது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 1900-இல் வைத்தியப் பட்டத்தோடு திரும்பி வந்தார். 1918-இல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியும் தொடங்கினார். பிற்காலத்தில் மருத்துவச்சிகளுக்குப் போதித்த பாடத்தின் சாரம் மூன்று சுத்தங்கள்: கை சுத்தம், பிரசவிக்கும் இடம் சுத்தம், கொடியறுப்புச் சுத்தம். இவற்றுள் முதலில் நிற்பது கை.

தோட்டத்து ஆஸ்பத்திரி

மலாயாத் தோட்டங்களுக்கு வருவோம். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது பெரும்பாலும் பலகைக் கட்டடம், சில கட்டில்கள், ஒரு டிரஸர், ஓர் ஆயா, எப்பொழுதோ வந்து போகும் டாக்டர். புண் கட்டுபவரும் அவரே, ஊசி போடுபவரும் அவரே, மருந்து கலக்குபவரும் அவரே என்று டிரஸர் ஒருவரே நூறு வேலை பார்த்தார். அவரை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆயினும் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கான தனிச் சட்டம் 1965-இல்தான் வந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை நம் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்குத் துணை நின்றார். கைது செய்யப்பட்டு நாடு கடத்தவும் பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மாத்திரமன்று. தக்க வைத்திய வசதி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். துரைமாரையும் தோட்ட உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவை ஒழிக்க வேண்டும் என்றார்கள். கடைசிக் கோரிக்கை நம்போன்ற கிராணி வர்க்கத்தையும் குறித்தது என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

இம்மூன்று கோரிக்கைகளும் வேறுவேறு அல்ல. சைக்கிளில் உட்கார்ந்தபடி போக அஞ்சும் மனிதன், ஆஸ்பத்திரியில் "ஐயா, கை கழுவினீர்களா?" என்று எப்படிக் கேட்பான்? ஆயா டிரஸரைக் கேட்கமாட்டாள். நர்சு டாக்டரைக் கேட்கமாட்டாள். நோயாளி ஒருவரையும் கேட்கமாட்டான். கிருமி மேல்வர்க்கம் கீழ்வர்க்கம் பார்ப்பதில்லை. கேள்வி மட்டும் பார்க்கிறது.

இக்காலத்தின் கணக்கு

இது பழங்கதை என்று நேயர்கள் எண்ணுவார்களானால், இக்காலத்துக் கணக்கையும் பார்ப்போம். ஸ்விட்சர்லாந்து தேசத்தில் ஜெனீவா ஆஸ்பத்திரி உலகப் புகழ் வாய்ந்தது. அங்கே 1994-இல், கை கழுவ வேண்டிய வேளைகளில் நூற்றுக்கு 48 வேளைகளிலேதான் ஊழியர் கழுவினர். டிடியே பிட்டே என்னும் டாக்டர் அவர்களைப் பழித்துப் பேசவில்லை. அவர்களுடைய நேரத்தைக் கணக்கிட்டார். சோப்பிட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும். ஒரு நர்சு மணிக்கு இருபது முறை கழுவினால், அம்மணியில் மூன்றிலொரு பங்கு குழாயடியிலேயே போய்விடும். நோயாளியை யார் பார்ப்பது? ஆகவே ஒவ்வொரு கட்டிலருகிலும் சாராயச் சத்துக் கலந்த கைத்திரவத்தை வைக்கச் செய்தார். அதைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். குழாயடிக்கு நடக்கவும் வேண்டியதில்லை. 1997-இல் 48 என்பது 66 ஆயிற்று. ஆஸ்பத்திரியிலேயே தொற்றிய நோயுள்ளவர் நூற்றுக்கு 16.9 என்பதிலிருந்து 9.9 ஆகக் குறைந்தனர். நர்சுகள் முன்னேறினார்கள், டாக்டர்களோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள்! மெய்க்ஸின் ஆவி இன்னும் அடங்கவில்லை போலும்.

பணமில்லாத தேசங்களுக்கு இது ஏற்குமா? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இத்திரவத்தை உள்ளூரிலேயே செய்துகொள்ளும் முறை விளக்கப்பட்டுள்ளது. நூற்றுக்கு 96 பங்கு வீரியமுள்ள எதனால் 8,333 மில்லி. 3 பங்கு வீரியமுள்ள ஹைட்ரஜன் பெராக்ஸைடு 417 மில்லி. கிளிஸரின் 145 மில்லி. காய்ச்சி ஆறிய நீர் சேர்த்து மொத்தம் 10 லிட்டர். பாத்திரத்திலிருந்து வந்திருக்கக்கூடிய கிருமி மூலங்கள் அழிவதற்காக மூன்று நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். மருந்தாளர் முறைப்படி செய்ய வேண்டிய இதில் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை.

ஆப்பிரிக்காவில் மாலி என்னும் ஏழை தேசத்தின் தலைநகரான பமாக்கோவில், ஓர் ஆஸ்பத்திரி இதைச் செய்து பார்த்தது. அங்கே விளையும் கரும்பிலிருந்தே எதனால் எடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு 8 ஆக இருந்த கைச்சுத்தம் 21.8 ஆயிற்று. இன்னும் பெரும்பான்மை வேளைகளில் கழுவவில்லை என்பது மெய்யே. எனினும் வெறுங்கையோடு இருந்தவர்கள் இரண்டரை மடங்குக்குமேல் முன்னேறினர். இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். சாராயம் தோட்டத் தமிழனின் குடலில் இறங்கிக் குடும்பங்களை அழித்த வரலாற்றை நாம் அறிவோம். அதே சத்து ஆஸ்பத்திரி ஊழியனின் உள்ளங்கையில் தடவப்பட்டால் உயிர்களைக் காக்கிறது. பொருளில் தீமையில்லை, அதை வைக்கும் இடத்திலேயே தீமையும் நன்மையும் இருக்கின்றன.

ஆனால் கையில் இரத்தமோ கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ இருக்கையில் திரவம் உதவாது. சோப்பும் தண்ணீருமே வேண்டும். கையுறை அணிவதும் கை கழுவுவதற்கு ஈடாகாது; ஒரே கையுறையோடு பத்துக் கட்டிலுக்குப் போவது பத்து நோயையும் ஒரே பையில் சுமப்பதாகும். கை சுத்தம் செய்யவேண்டிய வேளைகள் ஐந்து: நோயாளியைத் தொடுமுன், புண் கட்டுதல், ஊசியிடுதல் போன்ற காரியங்களுக்கு முன், இரத்தம் முதலிய உடல்நீர் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்ட பின்.

ஆயினும் குழாயே இல்லாத இடத்தில் உபதேசம் எதற்கு? 2022-இல் உலகச் சுகாதார ஸ்தாபனமும் யூனிஸெப்பும் கூறிய கணக்கின்படி, நோயாளியைக் கவனிக்கும் இடத்திலும் கழிப்பறையிலும் கை கழுவும் வசதியுள்ள வைத்திய நிலையங்கள் உலகில் ஏறக்குறையப் பாதியே. மிக வறிய நாடுகளில் நூற்றுக்கு 32. செல்வ நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் நூறு பேரில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் ஆஸ்பத்திரியே ஒரு புதுநோயைக் கொடுக்கிறது. இவற்றைப் பார்க்கையில், கை கழுவாத ஊழியனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. செலவைக் குறைக்க வேண்டும் என்று கட்டளை வந்தவுடன், ஸ்டோர்க் கணக்கில் முதலில் கோடு விழுவது சோப்பின்மீதுதான் என்பதைக் கணக்கெழுதும் கிராணிகள் யாவரும் அறிவர். நூறு வெள்ளி மிச்சம் என்று ஏட்டில் தெரியும். அதனால் வந்த காய்ச்சல் வேறோர் ஏட்டில் விதி என்று பதிவாகும்.

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே நமது கடமை மூன்று. முதலாவது, ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஒவ்வொரு கட்டிலருகிலும் தண்ணீரும் சோப்பும் அல்லது கைத்திரவமும் இருக்கின்றனவா என்று நமது சங்கங்கள் கேட்க வேண்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்குத் திரட்டும் பொருளில் சிறு பகுதி போதும், பல இடங்களின் குறை தீர்வதற்கு.

இரண்டாவது, கட்டில் துடைக்கும் பெண்ணுக்கும், மலம் அள்ளும் ஊழியருக்கும், கடல் கடந்து வந்து இங்கே துப்புரவு வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இப்பயிற்சியை அவரவர் அறிந்த மொழியில் அளிக்க வேண்டும். அவர்களும் நோயாளியின் உயிரைக் கையில் வைத்திருப்பவர்களே. ஒரு காலத்தில் நாமும் கடல் கடந்து வந்தவர்களே என்பதை மறவாதிருப்போமாக.

மூன்றாவது, கேட்கும் தைரியத்தைப் பழக வேண்டும். டாக்டரைக் கை கழுவச் சொல்வது அவமதிப்பன்று. படித்த டாக்டர்கள் பலர் அதை மகிழ்ச்சியோடு ஏற்பர். ஏற்காதவருக்காக நாம் ஏன் நம் தாயையும் பிள்ளையையும் பணயம் வைக்க வேண்டும்? 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, கடைவாசலில் நின்ற காவலாள் சொன்னவுடன் செல்வரும் ஏழையும் ஒருங்கே கைநீட்டினோம். அன்று ஒருவரும் கௌரவக் குறைவு என்று கருதவில்லை. கடைவாசலில் இருந்த அந்த ஒழுங்கு கட்டிலருகில் இருப்பது அதனினும் அவசியமன்றோ?

"கைச்சுத்தம் உள்ளவன்" என்று நாணயமானவனைத் தமிழர் அழைப்பர். பிறர் பொருளைத் தொடாத கைக்கு நாம் கொடுத்த அப்பெயர், பிறர் உயிரைத் தொடும் கைக்கும் பொருந்துவதாகுக. இனி ஒரு வைத்தியரிடமோ நர்சிடமோ செல்லும்போது, அவருக்குக் கைராசி உண்டா என்று அயலாரை விசாரிக்க வேண்டா. கை கழுவினாரா என்று அவரையே கேளுங்கள்.